பெட்டி வாங்கிய படலம்

ஒரு வீட்டில் கிரைண்டர் வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், அபிப்பிராயம் சொல்ல ஆயிரம் பேர் வந்துவிடுவார்கள். "கல்லைப் பார்த்து வாங்குங்கள், ரிப்பேர் என்றால் ஆள் வருவானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்" என்று எதிர்வீட்டு அம்மாள் முதல் கீரைக்காரி வரை யோசனை சொல்வார்கள். பட்டுப் புடவை என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால், "எங்கள் வீட்டுக்கு நாஸ் வாங்கப் போகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். திறந்தாலும், "நாஸா? அது என்ன, மூக்கில் விடுகிற மருந்தா?" என்றுதான் கேட்பார்கள்.

மூக்கு மருந்து அல்ல. பலகாரத் தூக்கு ஒன்றின் அளவில் ஒரு பெட்டி. அதற்குள் ஹார்டு டிஸ்க் இரண்டோ நாலோ இருக்கும். இன்டர்நெட் ரௌட்டரோடு அதை ஒரு வயரால் இணைத்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லோருடைய போட்டோ, வீடியோ, பத்திரம், ரசீது எல்லாவற்றையும் அதில் போட்டு வைக்கலாம். எந்த அறையிலிருந்தும், யாருடைய செல்போனிலிருந்தும் எடுத்துப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் கூடத்து மூலையில் நெல் குதிர் ஒன்று நிற்குமே, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். வீட்டுக்கு ஒரு குதிர். அள்ளிக்கொள்ளப் பல கைகள்.

சரி, இந்தக் குதிர் இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இரண்டு.

முதல் காரணம் செல்போன். "இடம் இல்லை, இடம் இல்லை" என்று தினம் காலையில் அது புலம்ப ஆரம்பித்துவிட்டது. எதை அழிப்பது? மகள் முதல் சம்பளம் வாங்கிய அன்று எடுத்த படத்தையா, "காலை வணக்கம்" ரோஜாப்பூக்களையா? ரோஜாக்களைத்தான் அழித்தோம். மறுநாள் பொழுது விடிவதற்குள் அதைவிட அதிகமாகப் பூத்துவிட்டன!

இரண்டாவது காரணம் அவ்வளவு தமாஷானதல்ல. என் நாத்தனார் வீடு முடிச்சூரில். 2015 டிசம்பர் வெள்ளம் அந்தப் பக்கத்தை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குத் தெரியும். கட்டிலை மாற்றினார்கள், பிரிட்ஜை மாற்றினார்கள், மெத்தை புதிதாக வந்தது. ஆனால் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாண ஆல்பத்தை எங்கே போய் மாற்றுவது? பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகம் இல்லாத மனிதர்களாக வந்தார்கள். வீடியோ கேஸட்டில் சேறு. "அண்ணி, நாற்பது பவுன் போயிருந்தால்கூட இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்" என்றாள் அவள். அவளிடம் நாற்பது பவுன் கிடையாது என்பது வேறு விஷயம். ஆனால் அவள் சொன்னது சத்தியம்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சொத்து இருந்தது. 1988 முதல் 1993 வரை என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். டெலிபோனில் பேசினால் சம்பளத்தில் கால் பங்கு போய்விடும். ஆகவே என் மாமனார் கடிதத்தைக் கேஸட்டில் பேசி, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அப்படிப் பதினான்கு கேஸட்டுகள். மாமனார் 2003-ல் காலமாகிவிட்டார். என் மாமியாருக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. அந்தக் குரல் இருக்கும் இடம் உலகத்தில் அந்தப் பதினான்கு கேஸட்டுகள் மட்டும்தான். நாடாவும் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருந்தது.

கேஸட்டுகளையும், எங்கள் கல்யாண வி.எச்.எஸ். நாடாக்களையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டோம். இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள், சகோதரிகளே. வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய்கூட 2016 ஜூலையோடு கடையைக் கட்டிவிட்டது. இனி இருக்கிற பழைய இயந்திரங்கள் ஓடுகிறவரைதான் நாடாக்களுக்கும் ஆயுள். மாற்றியாயிற்று. மாற்றியதை எங்கே வைப்பது? அங்கேதான் வீட்டில் மகாநாடு கூடியது.

"மாதா மாதம் பணம் கட்டி இன்டர்நெட்டிலேயே வைத்துவிடலாமே" என்றான் மகன். நல்ல யோசனைதான். ஆனால் அது வாடகை வீடு. வாடகை எப்போது ஏறும் என்பது வீட்டுக்காரருக்கே வெளிச்சம். கூகுள் போட்டோஸில் வேண்டிய மட்டும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று பல வருஷம் இருந்தது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை போய், 15 ஜிகாபைட்டுக்கு மேல் காசு என்றார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. அவர்கள் வீடு, அவர்கள் சட்டம். ஆனால் நம் மாமனாரின் குரலை முழுக்க முழுக்க வாடகை வீட்டில் குடிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கிப் பீரோவில் வைத்தால் போகிறது" என்றார் கணவர். செலவும் குறைவு. ஆனால் ஹார்டு டிஸ்க் என்பது உள்ளே தட்டு சுழல்கிற இயந்திரம். சுழல்கிறது என்றால் ஒரு நாள் நிற்கும். லட்சக்கணக்கான ஹார்டு டிஸ்க்குகளை ஓட்டுகிற பேக்பிளேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, 2013 முதல் எத்தனை கெட்டுப்போகின்றன என்று கணக்கு வெளியிட்டு வருகிறது. 2024-ல் நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். கேட்க அற்பமாக இருக்கிறது அல்லவா? ஆனால் கெட்டுப்போகிற அந்த ஒன்று நம் வீட்டு ஒன்றாக இருந்தால், நமக்கு அது நூற்றுக்கு நூறுதானே! தவிர, பீரோவில் இருக்கிற டிஸ்க்கில் புதுப் படங்களை யார் உட்கார்ந்து ஏற்றுவது? தீபாவளிக்குத் தீபாவளி ஞாபகம் வரும்.

இப்படியாகத்தான் நாஸ் என்ற பேச்சு வந்தது. பேச்சைக் கொண்டுவந்தவன் என் தம்பி மகன். கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். அவன் நாஸ் என்று சொல்லி வாய் மூடுவதற்குள், என் கணவர் எழுந்து பரண் மேல் இருந்த பழைய கம்ப்யூட்டரைக் கீழே இறக்கிவிட்டார். இவருக்கு எதையும் சொந்தமாகச் செய்துவிட வேண்டும்.

"மாமா சொல்வதும் சரிதான், அத்தை" என்றான் அவன். "பழைய கம்ப்யூட்டரில் ட்ரூநாஸ், ஓப்பன் மீடியா வால்ட் என்று ஏதாவது ஒன்றைப் போட்டால் போதும். இரண்டும் இலவசம். ட்ரூநாஸுக்குக் குறைந்தது 8 ஜிகாபைட் மெமரி வேண்டும், அவ்வளவுதான்."

"கடையில் வாங்கினால்?"

"சினாலஜி, க்யூநாப், அஸுஸ்டார் என்று இருக்கின்றன. மூன்றும் தைவான் கம்பெனிகள். காசு கூட. ஆனால் செல்போனில் தொட்டுத் தொட்டு நடத்திக்கொள்ளலாம். நீங்களே நடத்தலாம்."

"நீங்களே" என்ற அந்தச் சொல் என் காதில் நன்றாக விழுந்தது. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் ஓர் அம்மாள் இருக்கிறார். அவருடைய கணவர் சாமர்த்தியசாலி. வீட்டுக் கணக்கு, பாலிசி, பெண்ணின் படிப்புச் சான்றிதழ், முப்பது வருஷத்துப் போட்டோ எல்லாவற்றையும் ஒழுங்காகக் கம்ப்யூட்டரில் அடுக்கி, திருடன் வந்தாலும் திறக்க முடியாதபடி பூட்டு போட்டு வைத்திருந்தார். ஒரு ராத்திரி நெஞ்சு வலி என்றார், விடியவில்லை. பூட்டு மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. இரண்டு மூன்று கடைகளில் கேட்டுப் பார்த்தார்கள். அந்த மாதிரிப் பூட்டுக்கு மாற்றுச் சாவியே கிடையாதாம். சட்டம் போட்டு மாட்ட, ஆபீஸ் அடையாள அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கினார்கள்.

ஆகவே மகாநாட்டில் நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "என்னங்க, நீங்கள் ஊரில் இல்லாதபோது நடு ராத்திரி இந்தப் பழைய கம்ப்யூட்டர் நின்றுவிட்டால், நான் என்ன செய்ய வேண்டும்?"

இவர் மோவாயைத் தடவினார். தம்பி மகன் விட்டத்தைப் பார்த்தான். பழைய கம்ப்யூட்டர் மறுபடியும் பரண் ஏறியது.

கைவேலை தெரிந்தவர்களும், அதில் ருசி உள்ளவர்களும் சொந்தமாகச் செய்துகொள்வது நல்லதுதான். காசு மிச்சம், அறிவும் வளரும். ஆனால் குடும்பத்துக்கென்று வாங்குகிறபோது, "இதில் எத்தனை வித்தை இருக்கிறது?" என்று கேட்பதற்கு முன்னால், "இந்த வீட்டில் இதைத் திறக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். பதில் ஒன்று என்றால், அந்தப் பெட்டி வேண்டாம்.

அடுத்தது, எத்தனை அறை? ஒரே டிஸ்க் போடுகிற பெட்டியும் உண்டு. இரண்டு, நாலு, அதற்கு மேலும் உண்டு. "நாலு அறையாக வாங்கி ரெய்டு போட்டுவிடலாம்" என்று தம்பி மகன் சொல்லிக்கொண்டிருந்தபோது, பூஜை அறையிலிருந்து என் மாமியார் பதறிக்கொண்டு வந்தார்.

"ரெய்டா? நம் வீட்டிலா? நாம் என்னம்மா தப்புப் பண்ணினோம்?"

வருமான வரிக்காரர்கள் யாரும் வரவில்லை, அத்தை, என்று உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விளக்கினோம். பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி ஒன்றாக வேலை வாங்குவதற்குத்தான் ரெய்டு என்று பெயர். 1988-ல் அமெரிக்காவில் பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த பேட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையில் வந்த பெயர் அது. அந்தப் பெயரில் "விலை மலிந்த" என்று ஒரு சொல் இருந்தது. பிற்பாடு அதை "தனித்தனியான" என்று மாற்றிக்கொண்டார்கள். விற்கிறவர்களுக்கு மலிவு என்ற சொல் பிடிக்குமா, பாவம்!

ரெய்டில் பல ரகம். நமக்கு வேண்டியது இரண்டுதான். இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவதையெல்லாம் மற்றொன்றிலும் அப்படியே எழுதுவது ஒன்று. அதுதான் கண்ணாடி முறை. ஒன்று செத்தாலும் மற்றது அப்படியே நிற்கும். ஆனால் இரண்டு டிஸ்க் விலை கொடுத்து ஒரு டிஸ்க் இடம்தான் கிடைக்கும். மூன்றோ அதற்கு மேலோ போட்டு, ஒரு டிஸ்க் அளவு இடத்தைக் காப்புக்கென்று ஒதுக்கிக்கொள்வது மற்றொன்று. நிறைய இடம் வேண்டுமானால் அது லாபம். நமக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

இதற்குக் கணக்குப் போட வேண்டும். மளிகைக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது பிரமாதமில்லை. நாலு பேர் செல்போனிலும் சேர்த்து அறுபதாயிரம் போட்டோ. ஒன்று மூன்றரை மெகாபைட் என்றால் 210 ஜிகாபைட். செல்போன் வீடியோ சாதாரணத் தரத்தில் நிமிஷத்துக்கு 60 மெகாபைட் வீதம் மூவாயிரம் நிமிஷம், அது 180. மகளின் ஆண்டு நிறைவை 2001-ல் எடுத்த மினி டி.வி. நாடா மூன்று; மணிக்கு 13 வீதம் 39. கல்யாண வி.எச்.எஸ். ஒரு 10. மாமனாரின் பதினான்கு கேஸட்டும், சுருக்காமல் முழுத் தரத்தில் வைத்தால்கூட, 13 ஜிகாபைட்டுக்கு மேல் போகவில்லை. ஆல்பத்துப் படங்களை ஸ்கேன் செய்தது 8. ஆக மொத்தம் 460. அரை டெராபைட்கூட இல்லை!

என் கணவர் 16 டெராபைட் வாங்குவதாக இருந்தார். ஐந்து பேர் வீட்டுக்குக் கல்யாண அண்டாவில் சாம்பார் வைப்பது போல! வருஷத்துக்கு இன்னும் நூறு ஜிகாபைட் சேர்ந்தால்கூட, நாலு டெராபைட் டிஸ்க் நிரம்புவதற்கு முன்னால் அதற்கு வயதாகிவிடும். ஆகவே இரண்டு அறைப் பெட்டி, நாலு டெராபைட் டிஸ்க் இரண்டு, கண்ணாடி முறை என்று தீர்மானமாயிற்று. சினிமாக்களைச் சேர்த்து வைக்கிற வீடு, கல்யாண வீடியோ எடுப்பவர் இருக்கிற வீடு என்றால் கணக்கு வேறு. அவர்கள் நாலு அறையே வாங்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: நாலு டெராபைட் டிஸ்க்கை மாட்டினால் கம்ப்யூட்டரில் மூன்றே முக்காலுக்கும் குறைவாகத்தான் காட்டும். கடைக்காரன் மேல் சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது. படி ஒன்றுதான், அளக்கிற கை வேறு.

இந்த எண்களைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி முதன்முதலாக ஹார்டு டிஸ்க் வைத்த இயந்திரத்தை வெளியிட்டது. இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது. எடை சுமார் ஒரு டன். அதில் அடங்கியது ஐம்பது லட்சம் எழுத்து. நம் செல்போன் போட்டோ ஒன்று வைக்கலாம். இரண்டாவதைத் திணிக்க வேண்டியிருக்கும்!

பெட்டியைவிட டிஸ்க் வாங்குவதில்தான் விழிப்பாக இருக்க வேண்டும். ஜரிகை அசலா என்று உரசிப் பார்க்கிற நமக்கு இது கைவராதா என்ன? ரிச்சி தெருவுக்குப் போனோம். போகுமுன் தம்பி மகன் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தான். அதிலே முக்கியமானது ஓட்டுக் கூரைப் பாடம்.

சில டிஸ்க்குகளில் எழுத்து வரிகளை ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று படியும்படி எழுதுகிறார்கள். இடம் மிச்சமாகும். ஆனால் ஓட்டுக் கூரையில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் தூக்க வேண்டும் அல்லவா? அது போலவே இதிலும் ஒன்றைத் திருத்தி எழுதினால் அடுத்ததையும் எழுத வேண்டும். பெட்டியில் ஒரு டிஸ்க் செத்து, புதியது போட்டு எல்லாவற்றையும் மறுபடி நிரப்புகிற ஆபத்தான சமயத்தில் இது நத்தையாக ஊரும். இதற்கு எஸ்.எம்.ஆர். என்று பெயர். வரிகளைத் தனித்தனியாக எழுதுவது சி.எம்.ஆர். நாஸ் பெட்டிக்கு வேண்டியது சி.எம்.ஆர். நாஸுக்கென்றே விற்ற சில டிஸ்க்குகளிலும் சொல்லாமல் ஓட்டுக் கூரை போட்டிருந்தார்கள் என்று 2020-ல் பெரிய தகராறு ஆயிற்று. அதன் பிறகு கம்பெனிகள் எது எந்த ரகம் என்று பட்டியல் வெளியிட்டன. பெயரைப் பார்த்து வாங்காமல் மாடல் நம்பரைப் பட்டியலில் பார்த்து வாங்க வேண்டும்.

முதல் கடையில் ஒரு பையன் காமிராவுக்கென்று செய்த டிஸ்க்கை எடுத்து நீட்டினான். "இதுவும் அதுவும் ஒன்றுதான், மேடம்" என்றான்.

"தம்பி, இது சி.எம்.ஆரா, எஸ்.எம்.ஆரா? வாரண்டி இந்தியாவில் செல்லுமா? சீரியல் நம்பரைக் கம்பெனிப் பக்கத்தில் போட்டுக் காட்டு" என்றேன்.

பையன் என்னைப் பார்த்தான்; என் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த முருங்கைக்காயைப் பார்த்தான். உள்ளே போய் முதலாளியை அழைத்து வந்தான். அப்புறம் பேச்சு நேராக நடந்தது. மூன்று வருஷ வாரண்டியுள்ள நாஸ் டிஸ்க் ஒன்றை அங்கே வாங்கினோம். இரண்டாவதை வேறு கடையில் வாங்கினோம். காரணம், ஒரே நாளில் ஒரே இடத்தில் செய்த இரண்டு டிஸ்க்கில் ஒரே குறை இருக்கக்கூடும். இரண்டும் அடுத்தடுத்துப் படுத்துவிட்டால் கண்ணாடி முறையால் பயன் என்ன?

பெட்டி வாங்குமுன் அது எந்த டிஸ்க்கை ஏற்றுக்கொள்ளும் என்பதையும் பாருங்கள். 2025-ல் சினாலஜி கம்பெனி தன் புதிய பிளஸ் ரகப் பெட்டிகளுக்குத் தன் பட்டியலில் உள்ள டிஸ்க்குகள்தான் வேண்டும் என்று ஒரு விதி போட்டது. வாங்குகிறவர்கள் முணுமுணுத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் விதியைத் தளர்த்திவிட்டது. சம்பந்தி வீட்டு நிபந்தனைகளைப் போல, இவற்றையெல்லாம் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பெட்டி வீட்டுக்கு வந்தது. எங்கே வைப்பது? பரணில் புழுதி. சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு. படுக்கை அறையில் வைத்தால் ராத்திரியில் கர்ர் கர்ர் என்று டிஸ்க் முனகுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு எங்கள் அறையில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். கடைசியில் கூடத்தில் ரௌட்டருக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் பலகை அடித்து, காற்றோட்டமாக வைத்தோம். ஐந்தடி என்று சொன்னது முடிச்சூர் நாத்தனார். அவள் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

முதல் தடவை எல்லாவற்றையும் ஏற்றும்போது வயர் மூலம் ஏற்றுங்கள். ஜிகாபிட் வயரில் நொடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேலேயே போகும். வைஃபையில் ஏற்றினால் போகிக்கு ஆரம்பித்தது பொங்கல் பானை ஆறின பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

கரண்ட் செலவு என்ன என்று மாமியார் கேட்டார். இருபத்து நாலு மணி நேரமும் சுமார் 20 வாட் என்றால் நாளைக்கு அரை யூனிட். இரண்டு மாத பில்லில் சுமார் முப்பது யூனிட். அதோடு ஒரு சின்ன யூ.பி.எஸ். அவசியம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் சட்டென்று போனால் பெட்டிக்கு ஆகாது. யூ.பி.எஸ்ஸிலிருந்து பெட்டிக்கு ஒரு வயர் கொடுத்துவிட்டால், கரண்ட் போனதும் பெட்டி தானே கணக்கை முடித்துக்கொண்டு ஒழுங்காக உறங்கிவிடும்.

இவ்வளவும் ஆன பிறகு, "அப்பாடா! இனிமேல் பயமில்லை" என்று இவர் நாற்காலியில் சாய்ந்தார். தம்பி மகன் விடவில்லை.

"மாமா, இப்போதுதான் முக்கியமான விஷயமே. கண்ணாடி முறை டிஸ்க் சாவதற்குத்தான் மருந்து. நீங்கள் கைதவறி ஒன்றை அழித்தால், கண்ணாடியும் அந்த நிமிஷமே அழித்துவிடும். திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனால் இரண்டும் போய்விடும்."

நியாயம்தானே? எதிரே நிற்கிறவள் வளையலைக் கழற்றினால் கண்ணாடியில் இருக்கிறவளும் கழற்றத்தானே செய்வாள்! இதற்கு மூன்று-இரண்டு-ஒன்று என்று ஒரு விதி உண்டு. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தம் புத்தகத்தில் பிரபலப்படுத்தியது. மூன்று பிரதி இருக்க வேண்டும். இரண்டு விதமான சாதனத்தில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி செய்தோம். வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒன்று இங்கே, மற்றொன்று திருச்சியில் என் தங்கை வீட்டில். பண்டிகைக்குப் போகும்போது புதுப் பிரதியை எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு, பழையதை வாங்கி வருவேன். தங்கை அதை முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைத்து அனுப்புவாள். ரயிலில் தொலைந்தாலும் பிறர் பார்க்க முடியாதபடி அதற்குப் பூட்டு உண்டு. முறுக்குக்குத்தான் பூட்டு இல்லை.

இன்னொன்று. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையில் பெட்டியை இன்டர்நெட்டின் நடுத்தெருவில் திறந்து வைக்காதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கொள்ளை நிரல், அப்படித் திறந்து கிடந்த க்யூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து, உள்ளே இருந்ததையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. 2021 ஜூனில் மை புக் லைவ் என்ற பழைய ரகப் பெட்டிகள் பலவற்றில் இருந்தவை தூரத்திலிருந்தே துடைக்கப்பட்டன. 2015-க்குப் பிறகு அந்த ரகத்துக்குக் கம்பெனி பாதுகாப்புத் திருத்தம் அனுப்பவில்லை. ஆகவே, வாங்கும்போதே எத்தனை வருஷம் திருத்தம் அனுப்புவார்கள் என்று கேளுங்கள். வந்த திருத்தத்தை அன்றன்றே போடுங்கள். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள், கம்பெனி கொடுத்த வழியாக, இரண்டு அடுக்குச் சாவி போட்டுத்தான் உள்ளே வருகிறாள். "சொந்த வீட்டுக்கு வர இவ்வளவு கெடுபிடியா?" என்றாள். பெண்ணுக்குத்தான் கெடுபிடி கஷ்டம். திருடனுக்கு அதைவிடக் கஷ்டம்.

இனி அந்தச் சாவியின் கதை. காஸ் புத்தகம், ரேஷன் கார்டு இருக்கிற அலமாரியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பெட்டியின் பெயர், கடவுச் சொல். இரண்டாவது பக்கத்தில் வெளி டிஸ்க்கின் பூட்டைத் திறக்கும் சொல். மூன்றாவதில், "பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால்" என்று தலைப்புப் போட்டு, எந்த டிஸ்க்கைக் கழற்ற வேண்டும், எந்த மாடல் வாங்க வேண்டும், எப்படிப் போட வேண்டும் என்று படம் வரைந்து எழுதியிருக்கிறது. எழுதியவர் என் கணவர். அதைப் படித்து, அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, நானே ஒரு டிஸ்க்கைக் கழற்றி மாட்டிக் காட்டினேன். புரியாத இரண்டு வரியைத் திருத்தி எழுத வைத்தேன். இரண்டாவது மாடி அம்மாளிடம் அந்த நோட்டைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அமாவாசைக்கு அமாவாசை வெளி டிஸ்க்கை மாட்டிப் பிரதி எடுக்கிறேன். எடுத்ததும் ஏதாவது ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காத பிரதி, ருசி பார்க்காத ஊறுகாய் போல. கெட்டிருப்பது சமயத்தில்தான் தெரியும். போன அமாவாசைக்கு ஒன்பதாவது கேஸட் கையில் வந்தது. "அங்கே நல்ல புளி கிடைக்கிறதா? உன் அம்மா கேட்கச் சொல்கிறாள்" என்று மாமனார் குரல். மாமியார் வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர், வாளியோடு உள்ளே வந்தார். "நான் எங்கே கேட்டேன்? இவராகச் சொல்கிறார்" என்றார். அப்புறம், "இன்னொரு தடவை போடு" என்றார்.

என் நாத்தனாரும் இப்போது ஒரு பெட்டி வாங்கப் போகிறாளாம். "எத்தனை அறை வாங்கலாம், அண்ணி?" என்று போன் செய்தாள். "அதெல்லாம் அப்புறம். முதலில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கு" என்று சொல்லியிருக்கிறேன்.